இரைச்சலும் இரண்டு எட்டும்

“சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை” என்பது காது மந்தப்பட்ட முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் முறையீடு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பின்னணி இரைச்சலைப் பிரித்து நீக்கும் புதிய செவித்துணைக் கருவிகள் வந்துவிட்டமையால் அந்த முறையீட்டுக்கு முடிவு வந்துவிட்டது என்னும் கருத்து, இப்போது விளம்பரங்களைக் கடந்து படித்தவர் பேச்சிலும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைபோலப் புழங்குகிறது. அரசு ஆவணங்கள் காதொலிக்கருவி என்றும் ஊர்ப்பேச்சு காது மிஷின் என்றும் குறிக்கும் இப்பொருளின் உயர்ந்த வகை ஓர் இணைக்குப் பல லட்சம் ரூபாய் ஆகிறது என்றாலும், அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் பெற்றோருக்குச் செய்யவேண்டியது முடிந்தது என்று தொலைவிலிருக்கும் பிள்ளைகள் நிறைவடைவதும், வாங்கித்தர இயலாத பிள்ளைகள் மனம் குறுகுவதும் இக்கருத்தின் விளைவுகளே. இங்கே மறுக்கப்படுவது கருவி அன்று. இரைச்சல் என்பது கருவிக்குள்ளேயே தீர்த்துவிடக்கூடிய ஒரு கணக்கு என்ற நம்பிக்கையும், அந்த நம்பிக்கையால் கடைசியாகச் செலவிடவேண்டிய பணம் முதலில் செலவாகிப்போகும் நடைமுறையுமே இங்கு மறுப்புக்கு உரியவை.

இக்கருத்தை உரசிப் பார்க்க ஆய்வகத்தின் ஒலிபுகா அறையைவிடச் சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டை போன்ற ஓர் ஊரே பொருத்தமான கல். கண்நோய் தீர வேண்டிக்கொள்வோர் தேடிவரும் கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலும், கம்பருடைய சமாதி என்று வழிவழியாகப் போற்றப்படும் இடமும் அவ்வூரில் உள்ளன. அந்தச் சமாதி மண்ணைக் குழந்தையின் நாவில் இட்டால் சொல்வன்மை வாய்க்கும் என்ற நம்பிக்கையும் அங்கே வழங்குகிறது. கண்ணுக்கும் நாவுக்கும் இப்படித் தனித்தனியே ஏற்பாடு செய்துவைத்த ஊர் செவியை மட்டும் ஏன் விட்டுவிட்டது என்று வேடிக்கையாகக் கேட்கலாம். செவியைச் சோதிக்கும் சூழல்களுக்கோ அங்கே குறைவில்லை. தைப்பொங்கலுக்குப் பின் வரும் முதல் செவ்வாய்க்கிழமையன்று கோயில் முன்பாக நகரத்தார் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக அடுப்பு மூட்டி ஒருங்கே பொங்கலிடும் செவ்வாய்ப் பொங்கல், பங்குனி அத்தத்தன்று கம்பர் சமாதியில் நடக்கும் விழா, பெரிய வீடுகளின் திருமணங்கள், அவற்றில் ஊதப்படும் சங்கு, நாகசுரம், தவில், பந்தி எனப் பேச்சும் ஓசையும் பின்னிக்கிடக்கும் இடங்களிலேயே முதியவர் ஒருவர் சுற்றத்தாரோடு கலக்கிறார். வெளியூர் சென்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய நாள்களுக்கென்றே ஊர் திரும்புவதால், பேச்சு மிகவும் தேவைப்படும் நாள்களே இரைச்சல் மிகுந்த நாள்களாகவும் அமைந்துவிடுகின்றன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் ஒப்புக்கொள்வது முறை. பேச்சிலிருந்து இரைச்சலைக் கணக்கிட்டு நீக்கும் முயற்சி புதியதன்று. 1979-இல் ஸ்டீவன் போல் விளக்கிய நிறமாலைக் கழித்தல் என்னும் முறை, பேச்சு ஓய்ந்திருக்கும் இடைவெளியில் இரைச்சலின் அளவை மதிப்பிட்டு, பேச்சு வரும்போது ஒவ்வோர் அலைவெண் பட்டையிலிருந்தும் அந்த அளவைக் கழித்துவிடுவது. 1996-இல் முழு இலக்கமுறைக் கருவிகள் சந்தைக்கு வந்த பின்பும், இவ்வகைக் கழித்தல்கள் காதுக்கு இதத்தைத் தந்தனவே ஒழியப் புரியும் சொற்களின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. இந்தத் தேக்கத்தை உடைத்தது ஆழ்நரம்பு வலையமைப்பு, அதாவது ஏராளமான எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்கப்படுத்தப்படும் பல அடுக்குக் கணக்கு. ஒலியைக் காலத்தாலும் அலைவெண்ணாலும் சிறுசிறு கட்டங்களாக வகுத்து, எந்தக் கட்டத்தில் பேச்சு மேலோங்குகிறது, எதில் இரைச்சல் மேலோங்குகிறது என்று கணித்து, முன்னதை விடுத்துப் பின்னதை அடக்குவதே அதன் வேலை. 2013-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஹீலி, தெலியாங் வாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், செவிக்குறை உடையவர்கள் இக்கணக்கின் துணையோடு, குறையற்ற செவியினர் துணையின்றிப் பெற்ற மதிப்பெண்ணைச் சில சூழல்களில் தாண்டவும் செய்தனர். 2021-இல் ஓட்டிகான் நிறுவனம் 1 கோடியே 20 லட்சம் ஒலிச்சூழல்களால் பழக்கிய வலையமைப்பைக் கருவிக்குள் வைத்ததாக அறிவித்தது. 2024-இல் ஃபோனாக் நிறுவனம் இப்பணிக்கென்றே தனிச் சில்லு ஒன்றைப் பொருத்திய கருவியை வெளியிட்டது. ஆகவே இவையெல்லாம் வெறும் விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிடுவோரின் பேச்சு சோம்பலான பேச்சு. இந்த மறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எனினும் அந்த வெற்றியின் எல்லைகளையும் அதே நேர்மையோடு குறிப்பிடவேண்டும். 2013-இன் ஆய்வில் வலையமைப்பைப் பழக்கிய இரைச்சல்களும் சோதித்த இரைச்சல்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பழகாத இரைச்சலைச் சமாளிக்கும் திறன் பின்னைய ஆய்வுகளில்தான் படிப்படியாக வந்தது. ஆய்வகக் கணினி ஒரு வாக்கியத்தை முழுமையாகக் கேட்டுவிட்டு நிதானமாகக் கழிக்கலாம். காதில் இருக்கும் கருவிக்கு அந்த வாய்ப்பில்லை. பேசுபவரின் உதட்டசைவுக்கும் காதில் விழும் ஒலிக்கும் இடையே இடைவெளி தோன்றாதிருக்கவும், நேராக நுழையும் ஒலியோடு கருவியின் ஒலி மோதிக் கரகரக்காதிருக்கவும், சில மில்லிநொடிகளுக்குள், அதாவது நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள், அது தன் முடிவைச் சொல்லியாகவேண்டும். வரப்போகும் ஓசையைப் பாராமல் வந்த ஓசையை மட்டும் கொண்டு தீர்ப்பெழுதும் நடுவர் அது.

இனி அளவைப் பார்க்கலாம். இரைச்சலைவிடப் பேச்சு எவ்வளவு மேலெழுந்து நிற்கிறது என்பதைப் பேச்சு–இரைச்சல் விகிதம் என்பர். அதை அளக்கும் அலகு டெசிபல். புதிய கருவிகள் இவ்விகிதத்தை 10 டெசிபல் அளவுக்கு உயர்த்தும் என்பதே விற்பனைத் தாள்களில் பெருமையோடு அச்சிடப்படும் உச்ச எண். பள்ளி இயற்பியலில் படிக்கும் விதி ஒன்றை இதன் அருகே வைத்துப் பார்த்தால் வியப்பு தோன்றும்: திறந்தவெளியில் தொலைவு பாதியாகும்போதெல்லாம் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. இரண்டு மீட்டருக்கு அப்பால் நின்று பேசுபவர் ஒரு மீட்டருக்கு வந்தால் 6, அரை மீட்டருக்கு வந்தால் 12. பேசுபவர் இரண்டு எட்டு நெருங்கினால் கிடைப்பது, பல லட்சம் ரூபாய்க்கு வாக்களிக்கப்படுவதைவிட அதிகம். அந்த இரண்டு எட்டுக்கு மின்கலமும் தேவையில்லை, கூடவே உதட்டசைவும் முகக்குறிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. எதிரொலி மிகுந்த கூடத்தில் இக்கணக்கு முழுமையாகச் செல்லாது என்பது உண்மையே. ஆனால் அங்கே கருவியின் 10 டெசிபலும் முழுமையாகச் செல்லாது. நெருக்கமும் கருவியும் சேர்ந்தால் இரண்டின் பயனும் சேருமே என்று ஒருவர் கேட்கலாம். சேரும், அதனாலேயே எது முதலில், எது பிறகு என்ற வரிசை முக்கியமாகிறது. நடப்பதோ நேர்மாறு. கருவி வந்த மறுநாளே, முன்பு அருகில் வந்து தோளைத் தொட்டுப் பேசிய வீட்டார் வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டில் இருந்தபடியே முகப்பில் அமர்ந்திருப்பவரைக் கூப்பிடத் தொடங்கிவிடுகின்றனர்; “மிஷின்தான் மாட்டியிருக்கிறாரே” என்பது அவர்கள் நியாயம். கருவி கொடுத்த டெசிபல்களைக் குடும்பம் திரும்ப எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒருபுறமிருக்க, சிதைந்த செவி எத்தகையது என்பதையும் இந்தப் பொதுக்கருத்து கணக்கில் கொள்வதில்லை. டச்சு அறிஞர் ரைனியர் பிளோம்ப் 1978-இலேயே செவிக்குறையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: ஒலி மங்குவது ஒன்று, கேட்கும் ஒலியே உருத்திரிவது மற்றொன்று. முதற்குறைக்கு ஒலியைப் பெருக்கினால் போதும். இரண்டாவதற்குப் பெருக்கம் மருந்தாகாது. உட்செவியின் நத்தை எலும்பில் ஓசையை நரம்புக்கு உணர்த்தும் உள்மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500-உம், மெல்லிய ஓசையைக் கூர்மையாக்கித் தரும் வெளிமயிர்ச்செல்கள் ஏறத்தாழ 12,000-உம் ஒவ்வொரு காதிலும் உள்ளன. மனிதருக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வெளிமயிர்ச்செல்கள் குறைந்த காது அருகருகே உள்ள அலைவெண்களைப் பிரித்தறியும் கூர்மையை இழப்பதோடு, மெல்லிய ஒலியைக் கேளாமலும் சற்றே உரத்த ஒலியைத் தாங்காமலும் போகிறது. “காதில் விழவில்லை” என்றவரே அடுத்த நொடி “ஏன் கத்துகிறாய்” என்று சீறுவதன் காரணம் முன்கோபம் அன்று, இந்தச் செல்களின் இழப்பே.

ஒலி கேட்டும் சொல் பிரியாமற்போவதற்கு நகரத்தார் வீட்டு உறவுச்சொற்கள் நல்ல எடுத்துக்காட்டு. தாயை ஆத்தா என்றும், தாயின் தாயை ஆயா என்றும், மூத்த சகோதரியையும் மணமான பெண்களையும் ஆச்சி என்றும் அழைக்கும் அவ்வழக்கில் மூன்று சொற்களும் ஒரே நெடில் உயிரில் தொடங்குகின்றன. அவற்றைப் பிரித்துக்காட்டும் பெரும்பொறுப்பு இடையிலுள்ள மெய்யொலிகளைச் சார்ந்தது. உயிரெழுத்தின் வலு தாழ்ந்த அலைவெண்களில் இருப்பதால் முதியவர் காதுக்கும் அது எட்டிவிடுகிறது. சகரத்தின் உரசல் போன்ற மெய்யொலிக் குறிப்புகள் வலுக்குறைந்தவையாய், முதுமை முதலில் அரித்தெடுக்கும் உயர் அலைவெண்களில் இருக்கின்றன. சுற்றிலும் ஓர் இம்மி இரைச்சலும் இல்லாத நள்ளிரவிலும் இக்குழப்பம் நேரக்கூடும். நீக்குவதற்கு இரைச்சலே இல்லாத இடத்தில் இரைச்சல் நீக்கி என்ன செய்யும்?

இந்தியாவில் எழுப்பப்படும் மொழி பற்றிய ஐயம் ஒன்றுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் பழக்கிய வலையமைப்பு தமிழின் லகர, ளகர, ழகரங்களை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும் என்பர் சிலர். உணர்ச்சிக்கு இனிய வாதமே தவிர, வலுவான வாதமில்லை. இக்கணக்குகள் சொற்களை அறிவதில்லை. குரல்நாண் அதிர்வின் ஒழுங்கு, ஓசையின் ஏற்ற இறக்க வேகம் முதலிய, மனிதக் குரலுக்கே பொதுவான அடையாளங்களையே அவை பெரிதும் பற்றுகின்றன. தமிழ்ப்பற்றை முன்னிறுத்திக் கருவியை மறுப்பவர்கள், மறுக்கவேண்டிய வேறு பல இடங்களை விட்டுவிடுகிறார்கள்.

அவற்றுள் முதன்மையானது சுவர். செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் பட்டாலையும் வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியோடும் தாழ்வாரமும் கட்டப்பட்ட பொருள்களைப் பார்த்தால், ஒலியைத் திருப்பியனுப்புவதற்கென்றே திட்டமிட்டவை போலத் தோன்றும். முட்டையின் வெண்கரு கலந்து கண்ணாடிபோல மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரைக்கல், இத்தாலியப் பளிங்கு, பர்மாத் தேக்கு ஆகிய இவற்றுள் ஒன்றுகூட ஒலியை உறிஞ்சுவதில்லை. ஓசை நின்றபின் அது அடங்க எடுக்கும் காலத்தை முழக்க நேரம் என்று வரையறுத்து, கூடத்தின் கொள்ளளவுக்கும் உறிஞ்சும் பரப்புக்கும் உள்ள தொடர்பை ஏறத்தாழ 1900-இல் சூத்திரமாக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். அச்சூத்திரப்படி திறந்த சன்னல் வழியே வெளியேறும் ஒலி முழுமையாக உறிஞ்சப்பட்டதற்குச் சமம். எனவே வானம் பார்க்கத் திறந்திருக்கும் வளவே அந்த வீட்டின் மிகப் பெரிய ஒலியுறிஞ்சி. மழைச்சாரலுக்கும் குரங்குக்கும் திருட்டுக்கும் அஞ்சி அத்திறப்பைத் தகடு கொண்டு மூடிவிட்ட வீடுகளில் பெரியவர்களுக்குப் பேச்சு மேலும் குழம்புமென்றால், அது அவர்கள் வயதின் குற்றம் மட்டுமில்லை. இங்கே கருவிக்கு ஒரு தனித்த இடர் உண்டு. எதிரொலி என்பது பேச்சுக்குப் புறம்பான ஓசையன்று. அதே குரல், அதே சொல், சற்றுத் தாமதித்து வருகிறது. குரலின் அடையாளத்தைக் கண்டு அதைக் காப்பாற்றப் பழகிய கணக்கு, முந்தைய அசையின் முழக்கம் பிந்தைய அசையின் மெய்யெழுத்தை மூடும்போது, மூடுவதையும் குரல் என்றே எண்ணித் தடுமாறுகிறது. எதிரொலியை நீக்கவும் வலையமைப்புகள் பழக்கப்படுகின்றன; ஆனால் அது இரைச்சலை நீக்குவதைவிடக் கடினமான வேலை. ஒரு சமுக்காளமும், சுவரை ஒட்டித் தொங்கும் கனத்த திரையும், முதியவரைக் கூடத்தின் நடுவிலிருந்து எழுப்பித் திரையோரமாக அமர்த்துவதும் இதில் செய்யும் உதவியை விற்பனைத் தாள்கள் சொல்வதில்லை; சமுக்காளத்தில் யாருக்கும் தரகு கிடைப்பதில்லை.

அடுத்தது பந்தி. செவித்துணைக் கருவிகளின் திசையறியும் ஒலிவாங்கிகள், அணிந்தவர் எவரை நோக்கி முகம் திருப்புகிறாரோ அவரையே கேட்க விரும்புகிறார் என்ற அனுமானத்தில் இயங்குபவை. நான்கு பேர் மேசையைச் சுற்றி எதிரெதிரே அமர்ந்து உண்ணும் நாட்டின் உணவகத்துக்கு அந்த அனுமானம் பொருந்தும். பந்தியிலோ உண்பவர் முகம் இலையை நோக்கியிருக்கிறது. பேச்சுத்துணை தோளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். பரிமாறுபவர் தலைக்கு மேலிருந்து “குழம்பா, ரசமா” என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் நகர்கிறார். பல லட்சம் ரூபாய் ஒலிவாங்கி அங்கே கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இலையிலுள்ள அப்பளத்தை. இக்குறையை உணர்ந்தே, எத்திசையிலிருந்து வரும் பேச்சையும் காக்கும் புதிய கருவிகள் வந்துள்ளன என்று எதிர்த்தரப்பினர் சொல்வர். சரியே, ஆனால் அப்போது இடப்பக்கத்துச் சம்பந்தியும், வலப்பக்கத்து மைத்துனரும், பின்வரிசையில் நிலப் பிரச்சினை பேசுபவரும் ஒரே தகுதியுடன் காதுக்குள் வருகின்றனர். ஒரு கூட்டத்தில் எது பேச்சு, எது இரைச்சல் என்பதை ஓசையின் இயல்பு தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் விருப்பம் தீர்மானிக்கிறது. மனிதர் பலர் ஒருங்கே பேசும்போது ஒரு குரலை மட்டும் செவி தொடர்வது எப்படி என்ற வினாவை 1953-இல் காலின் செர்ரி எழுப்பினார். அதற்கான விடையில் பெரும்பகுதி இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நுண்ணிய கால வேறுபாட்டிலும், கேட்பவர் மனம் எதை நாடுகிறது என்பதிலும் உள்ளது. மனம் நாடுவதை அறியும் கம்பி எதுவும் இன்றைய கருவியில் இல்லை. கால வேறுபாட்டைக் காக்கவோ இரு காதிலும் கருவி வேண்டும். ஒரு காதுக்கு மட்டும் உயர்ந்த விலைக் கருவியை வாங்கிவிட்டு மறு காதை வெறுமையாக விடும் நம்மூர் வழக்கம், இரு காதும் செவிக்குறைப்பட்ட பெரும்பாலான முதியவர்க்கு, அதே பணத்தில் இரண்டு எளிய கருவிகள் தந்திருக்கக்கூடிய இயற்கையான இரைச்சல் நீக்கியை மறுத்துவிடுகிறது.

விருப்பமே இரைச்சலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இசையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பழைய இரைச்சல் நீக்கிகளின் அடிப்படைக் கொள்கை, ஏற்ற இறக்கமுள்ளது பேச்சு, மாறாமல் ஒரே நிலையில் நீடிப்பது இரைச்சல் என்பது. மின்விசிறிக்கும் மாவு மில்லுக்கும் இது பொருந்தும். ஆனால் நாகசுரத்துக்கு அடியில் இடைவிடாது ஒலிக்கும் ஒத்தும், பாட்டுக்குப் பின்னிருக்கும் சுருதிப்பெட்டியும் இக்கொள்கைப்படி முதல்தரமான இரைச்சல்கள். கருவி அவற்றை அடக்கிவிட, பாட்டு நிற்கும் தரையே காணாமற்போகிறது. நாகசுரக்காரர் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும்போது, கருவியிலுள்ள ஊளைத் தடுப்பி, அதாவது கருவியின் ஒலியே திரும்ப ஒலிவாங்கிக்குள் புகுந்து எழுப்பும் கீச்சொலியை அழிக்கும் பகுதி, அந்தச் சுரத்தையும் ஊளை என்று பிழையாக எண்ணி அதன்மேல் அதிர்வொன்றைப் பூசிவிடுவதும் உண்டு. இசைக்கெனத் தனி நிரல் வைத்து இவற்றை நிறுத்தலாம். அதைப் பொத்தானை அழுத்தியோ கைப்பேசியைத் தடவியோ மாற்றவேண்டியவர் எண்பது வயதுக்காரர் என்பதையும், கெட்டிமேளம் கொட்டும் நொடியில் அவர் இரு கைகளிலும் அட்சதை இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

கருவியின் அறிவு எவ்வளவு கூர்மையானாலும் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி ஒன்று காதிலேயே திறந்திருக்கிறது. மிதமான முதுமைச் செவிக்குறைக்குப் பொதுவாகப் பொருத்தப்படுவது துளைகளுள்ள மென்முனை. தன் குரல் தனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல அதிராதிருக்க அந்தத் துளைகள் தேவை. ஆனால் தவிலின் தாழ்ந்த முழக்கமும் டீசல் ஜெனரேட்டரின் உறுமலும் அத்துளைகள் வழியே எந்தச் சில்லையும் கேளாமல் நேரே செவிப்பறைக்குச் சென்றுவிடுகின்றன. துளையை அடைத்தால் இரைச்சல் குறையும், தன் குரலின் அதிர்வு கூடும். பலர் கருவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவது இந்த இரண்டில் ஒன்றைத் தாங்கமுடியாமல்தான்.

இவ்விடத்தில்தான் பேச்சு பொருத்துதலுக்கு வருகிறது. பொதுக்கருத்தின் மிகப் பெரிய குற்றமும் இங்கேயே உள்ளது. செவித்துணைக் கருவி கடையில் வாங்கிக் காதில் வைக்கும் பொருளன்று. ஒவ்வோர் அலைவெண்ணிலும் எவ்வளவு பெருக்கவேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உருவான பொருத்துதல் சூத்திரங்களைக் கொண்டு கணக்கிட்டு, செவிக்குழாய்க்குள் மெல்லிய ஒலிவாங்கிக் குழாயைச் செருகி, கணக்கிட்ட ஒலி செவிப்பறையருகே உண்மையில் வந்துசேர்கிறதா என்று அளந்து, சில வாரங்களில் மீண்டும் மீண்டும் திருத்தி முடிக்கவேண்டிய பணி அது. இவ்வளவீட்டைத் தவிர்த்துவிட்டு, நிறுவன மென்பொருள் காட்டும் முதல் அமைப்போடு அனுப்பிவிடும் வழக்கம் உலகெங்கும் உள்ள நோய். மெல்லிய மெய்யெழுத்துகளுக்கு உரிய பெருக்கம் கிடைக்காத கருவியில், வலையமைப்பு எவ்வளவு தூய்மையான பேச்சைப் பிரித்தெடுத்தாலும், அது கேளாத பேச்சாகவே இருக்கும். 2023-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேர் மூன்றாண்டுகள் பின்தொடரப்பட்டனர். மொத்தக் குழுவில் செவிச்சிகிச்சையால் அறிவாற்றல் சரிவில் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் சரிவுக்கான இடர் மிகுந்திருந்த பிரிவினரிடம் அது 48 விழுக்காடு தணிந்திருந்தது. இம்முடிவைக் கருவியின் பெருமையாக மேற்கோள் காட்டுவோர் மறைக்கும் செய்தி, அவர்களுக்குத் தரப்பட்டது கருவி மட்டுமன்று, செவியியல் வல்லுநரோடு பல அமர்வுகளில் நடந்த பொருத்துதலும் பயிற்சியும் அறிவுரையும் சேர்ந்த முழுச் சிகிச்சை என்பதே.

உலக நல நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் குறிப்பிடத்தக்க செவிக்குறையுடையோர் ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் பேர். உலகில் கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதைப் பயன்படுத்துவோர் 17 விழுக்காட்டினரே. மைசூரின் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டு வல்லுநர்களை உருவாக்கி வருகிறது. காதுகேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் 2007 வாக்கில் தொடங்கிவிட்டது. ஆயினும் நாட்டரசன்கோட்டையில் உள்ளவர் ஒருவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிவகங்கைக்கோ காரைக்குடிக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறவேண்டும். சட்டத்தின் அளவுகோலும் அவருக்குச் சாதகமாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் பேச்சு அலைவெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழப்புடையோரைச் ‘செவித்திறன் குன்றியோர்’ என்றும், 70 டெசிபல் இழப்புடையோரைக் கேளாதோர் என்றும் வரையறுக்கிறது. 50 டெசிபல் இழந்த முதியவர், பந்தியில் ஒரு வாக்கியமும் புரியாதவராக இருந்தும், சட்டத்தின் கண்ணில் முழுச் செவியர். விலையில்லாக் கருவிக்கு வழிவிடும் சான்றிதழ் அவருக்கு எட்டாது. அரசின் வாசலில் இடமில்லாத இவர்களையே சந்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது, தன் விலையில்.

விலை என்ன, கைப்பேசியைப்போல நாளை வீழ்ந்துவிடும் என்பது எஞ்சியிருக்கும் வாதம். அதற்கான அறிகுறிகள் உண்டு. அமெரிக்காவில் மருந்துச் சீட்டின்றியே செவித்துணைக் கருவி விற்க 2022 அக்டோபரில் வழி திறந்தது. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ காதொலிப்பானைச் செவித்துணைக் கருவியாக்கும் மென்பொருளுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. அவ்வசதி அப்போது இந்தியாவில் திறக்கப்படாதிருக்க, பெங்களூரு இளைஞர்கள் சிலர் தம் பாட்டிமாருக்காக அலைத்தடுப்புக் கூண்டு ஒன்றைச் செய்து, காதொலிப்பானோடு இணைந்த ஆப்பிள் கருவியை அது அமெரிக்காவில் இருப்பதாக நம்பவைத்து அவ்வசதியைத் திறந்தனர். சுவையான செய்தி, அதில் கூர்ந்து பார்க்கவேண்டியது கூண்டையன்று, பாட்டியின் அருகில் அமர்ந்து காதொலிப்பானை மாட்டிச் சரிபார்த்துத் திருத்திக்கொடுக்கும் பேரன்களை. விலை விழுந்தாலும் அந்தப் பேரனின் வேலை விழுவதில்லை. காதுக்குறும்பி அடைத்த முனையைத் துடைப்பதும், சித்திரை வெயிலின் வியர்வை ஈரத்தைப் போக்க இரவில் உலர்த்துப் பெட்டிக்குள் வைப்பதும், இடது வலது மாறாமல் மாட்டுவதும் மலிவான கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் பொது.

இறுதியாகப் பங்குனி அத்தத்துக்கு வரலாம். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழா, காரைக்குடியில் நடந்து, அத்த நாளில் நாட்டரசன்கோட்டையின் கம்பர் சமாதியில் நிறைவுறும். பேச்சைக் கேட்பதற்கென்றே மக்கள் கூடும் நிகழ்ச்சிகளில் தமிழகத்தில் இதற்கு இணை சிலவே. அவையோரில் முதியவர்கள் கணிசமாக இருப்பதும் இயல்பு. பேச்சாளரின் வாயருகே ஓர் ஒலிவாங்கி ஏற்கெனவே இருக்கிறது. அதில் பேச்சு இரைச்சலின்றித் தூய்மையாகக் கிடைக்கிறது. அந்தத் தூய பேச்சைப் பெருக்கி ஒலிபெருக்கி வழியே காற்றில் விட்டு, எதிரொலியோடும் விசிறியோடும் குழந்தையின் அழுகையோடும் கலக்கவிட்டு, இருபது மீட்டருக்கு அப்பால் ஒருவர் காதிலுள்ள சில்லு மறுபடி அதைப் பிரித்தெடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது, அரிசியில் கல்லைக் கலந்துவிட்டுக் கல் பொறுக்கும் எந்திரம் வாங்குவதற்கு ஒப்பானது. அவையைச் சுற்றி ஒரு செப்புக்கம்பியை வளையமாக ஓட்டி, ஒலிவாங்கியின் மின்னோட்டத்தை அதில் செலுத்தினால் எழும் காந்தப்புலத்தை, செவித்துணைக் கருவிக்குள் உள்ள சிறு கம்பிச்சுருள் பற்றிப் பேச்சாக மாற்றிவிடும். தூண்டல் வளையம் எனப்படும் இவ்வேற்பாடு 1930-களிலேயே அறியப்பட்டது. இதே பணியை ப்ளூடூத் அலைபரப்பு வழியே செய்யும் ஆராகாஸ்ட் முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. பேச்சாளரின் வாய்க்கும் கேட்பவரின் காதுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரு சாணாகச் சுருக்கிவிடும் இம்முறைக்கு, வளையத்தின் செலவு ஓர் அவைக்கு ஒருமுறை மட்டுமே.

கம்பிச்சுருள், காதுக்குப் பின்னால் மாட்டும் பழைய பெரிய கருவிகள் பலவற்றில் ‘எம்–டி–ஓ’ என்று எழுதிய சுவிட்சின் நடு எழுத்தாக இருக்கிறது. உருவத்தைச் சிறிதாக்கும் போட்டியில் புதிய கருவிகள் பலவற்றிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. எந்த அவையிலாவது வளையம் போடப்படும் நாளில், சுருளுள்ள பழைய கருவியைக் காதில் மாட்டியவர் கடைசி வரிசையில் அமர்ந்தபடியே சுவிட்சைத் தள்ளிப் பேச்சாளரின் அருகிலிருப்பவரைப் போலக் கேட்பார். பல லட்சம் கொடுத்தவர் தம் கருவியில் சுருள் இருக்கிறதா என்று அறிய, அது வந்த பெட்டியைத் தேடித் தாளைப் புரட்டவேண்டியிருக்கும்.